கப்பித்தான் யாப் ஆ லோயும் செலாங்கூர் சண்டையும்

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு அது. மகா மாரியம்மன் கோயிலில் தொண்டு வேலையை முடித்துவிட்டு, நம் மன்றத்துத் தம்பிகள் ஏழெட்டுப் பேரோடு ஜாலான் துன் எச்.எஸ். லீ வழியாக நடந்து வந்தேன். அதே சாலையில் சில நிமிட நடையில் ஒரு பழைய சீனக் கோயில் இருக்கிறது, சின் ஸே ஸீ யா கோயில். உள்ளே கப்பித்தான் யாப் ஆ லோயின் சிலை. அதைப் பார்த்ததும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான், இவர் குண்டர் கும்பல் தலைவராமே அண்ணே, இவருக்குப் போய் ஏன் ஊதுபத்தி கொளுத்துறாங்கன்னு. அன்றைக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1837-இல் தென் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஓர் ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். 17 வயதில் கப்பலேறி மலாக்கா வந்தார். ஈய லம்பத்தில் கூலி வேலை, அப்புறம் ஒரு கடையில் எடுபிடி. உறவுக்காரர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் கையிலிருந்த காசை எல்லாம் சூதாட்டத்தில் விட்டுவிட்டார்! அந்தக் காசு மட்டும் தொலையாமல் இருந்திருந்தால் நம் தலைநகரத்தின் கதையே வேறு. வெறுங்கையோடு லுக்குட் போய், லம்பத்தில் சமையல்காரராக மூன்று வருடம் இருந்தார். பிறகு பன்றி வியாபாரம் செய்து, சுங்கை ஊஜோங் பக்கம், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்துக்குப் போனார்.

அங்கேதான் சண்டைக்காரர் ஆனார். கப்பித்தான் ஷின் என்பவருக்குக் காவல் படையில் இருந்தார். 1860-இல் நடந்த மோதலில் ஷின் கொல்லப்பட்டார், யாப் காயத்தோடு தப்பினார். செத்த கப்பித்தானின் உடம்பிலிருந்து வெள்ளை ரத்தம் வந்ததாகச் சனங்கள் நம்பினார்கள், அவரைத் தெய்வமாக்கினார்கள். தம்பி கேள்வி கேட்ட கோயிலில் இருக்கும் சாமிகளில் ஒருவர் இந்த ஷின்தான். நமக்கு இது புதுசு இல்லை. அநியாயமாக வெட்டுப்பட்ட வீரனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டு, காவல் தெய்வமாக்கின வழக்கம் நம் பாட்டன் பூட்டன் ஊரிலும் உண்டு. மதுரை வீரன் சாமியைத் தோட்டத்துக் கோயில்களில் பார்க்காதவர் யார்?

1862-இல் கோலாலம்பூர் வந்தார். அப்போது அது ஆற்றோரத்து அத்தாப்புக் குடிசைகளும் சேறும்தான். 1868-இல் அங்கே மூன்றாவது கப்பித்தான் ஆனார். ஆன நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தின வருடமே செலாங்கூரில் உள்நாட்டுச் சண்டை மூண்டிருந்தது. கிள்ளான் யாருக்கு, அந்த ஆற்றில் போகும் ஈயத்தின் வரி யாருக்கு என்பதுதான் வழக்கு. ஒரு பக்கம் ராஜா மகாடி. இன்னொரு பக்கம் முதலில் ராஜா அப்துல்லா, பிறகு சுல்தானின் மருமகனான கெடா இளவரசர் துங்கு குடின். யாப்பைப் பதவியில் அமர்த்தியதே ராஜா மகாடிதான். ஆனால் 1870-இல் குடின் கிள்ளானைப் பிடித்ததும் யாப் குடின் பக்கம் சேர்ந்துகொண்டார். துரோகம் என்று சொல்லலாம். ஆனால் கோலாலம்பூருக்கு அரிசி உள்ளே வருவதும் ஈயம் வெளியே போவதும் கிள்ளான் வழியாகத்தான். ஆற்றுவாயில் எவன் கையில் இருக்கிறதோ, சோறு அவன் கையில். பல ஆயிரம் லம்பக் கூலிகளுக்குச் சோறு போட வேண்டியவர் வேறு எந்தப் பக்கம் போயிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கஞ்சிங் பகுதியில் சோங் சோங் என்ற போட்டித் தலைவன் இருந்தான். அவனும் சையத் மஷ்ஹோரும் சேர்ந்து கோலாலம்பூர் மேல் படையெடுத்து வந்தார்கள், ஒரு முறை அம்பாங் பக்கம், மறுபடி ரவாங் பக்கம். இரண்டு முறையும் யாப் தடுத்துவிட்டார். சம்பளப் பட்டாளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நேற்று மண்வெட்டி பிடித்தவன்தான் இன்று ஈட்டி பிடித்தான். எதிரியின் தலையைக் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்திருந்தார். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஹாய் சான் என்ற ரகசியச் சங்கத்தின் தலைவர், அபின் வியாபாரமும் சூதாட்டமும் அவருக்கு வருமானம். தம்பி கேட்டது பொய் இல்லை.

1872-இல் அடி விழுந்தது. ராஜா மகாடி ஆட்கள் ஊரைச் சுற்றி வளைத்து, பெட்டாலிங் பக்கம் பாதையை அடைத்துவிட்டார்கள். உள்ளே அரிசி வரவில்லை. குடின் அனுப்பியிருந்த வான் ஹாகன் என்ற வெள்ளைக்காரத் தளபதி, படையோடு தப்பித்து வெளியேறப் பார்த்துக் காட்டில் மாட்டிக்கொண்டார். பெரும்பாலோர் செத்தார்கள். யாப் எப்படியோ கிள்ளான் போய்ச் சேர்ந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தால் கோலாலம்பூர் சாம்பல். அவருக்கு வயது 35.

பலர் அந்த இடத்தில் ஊர் திரும்பியிருப்பார்கள். அவரோ கிள்ளானில் உட்கார்ந்து, கடன் வாங்கி, ஆயிரம் பேர் வரை சேர்த்தார். பகாங்கின் பெண்டஹாரா அனுப்பிய மலாய்ப் படையும் குடினுக்குத் துணையாக வந்தது. 1873 மார்ச்சில் ஊரை மீட்டார்கள். தமிழன் எதிர் சீனன் எதிர் மலாய்க்காரன் என்று எல்லாவற்றையும் இனக் கணக்காகப் பார்க்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சீனர்கள், இரண்டு பக்கமும் மலாய்க்காரர்கள்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சண்டை முடிந்த பிறகு நடந்ததுதான். லம்பங்களில் எல்லாம் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஆட்கள் ஓடிவிட்டார்கள். ஈய விலையும் விழுந்தது. யாப் கழுத்தளவு கடனில் நின்றுகொண்டே, திரும்பி வந்தவர்களுக்கு முன்பணம் கொடுத்து லம்பங்களைத் திறந்தார். 1879-இல் விலை ஏறும் வரை ஆறு வருடம் அப்படியே ஓட்டினார். 1881-இல் தீ மறுபடி ஊரைத் தின்றது, அதே வருடம் வெள்ளமும் வந்தது. இந்த முறை செங்கல்லில் கட்டினார்கள். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பிரிக்பீல்ட்ஸ், அந்தச் செங்கல் சூளைகளின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது.

1885 ஏப்ரலில் இறந்தார், 48 வயதுதான். மகா மாரியம்மன் கோயில் இப்போதைய இடத்துக்கு மாறியதும் அதே 1885-இல்தான். ரதம் புறப்படும் அந்தச் சாலையில் நின்று இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அந்தத் தலைக்காசு வாங்கினவங்க அப்புறம் என்ன ஆனாங்க என்று கேட்டான். அவர்கள் பெயர் எந்தச் சாலைக்கும் இல்லை என்றேன். பக்கத்தில் ஜாலான் யாப் ஆ லோய் இருக்கிறது, ரொம்பக் குட்டிச் சாலை. கூட்டிப்போய்க் காட்டினேன்.