தனியே உலகைச் சுற்றிய மாலுமி

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோஷுவா ஸ்லோகம். இளமையிலேயே கடலுக்குச் சென்று கப்பல் தலைவரானார். 1887-இல் பிரேசில் கரையில் அவரது கப்பல் உடைந்தது. மனந்தளராத அவர், மனைவி மக்களுடன் சிறு படகொன்றைக் கட்டி, அதிலேயே அமெரிக்கா திரும்பினார்.

பின்னர், வயலில் கிடந்த 'ஸ்பிரே' என்னும் பழம்படகைத் தம் கையாலேயே புதுப்பித்தார். 'கீல்' என்பது படகின் அடிமரம். குட்டையான கீல் உள்ள படகு விரைவில் திரும்பும். நீண்ட கீலோ படகை நேர்வழியில் செலுத்தும். ஸ்பிரேயின் கீல் நீண்டது. சுக்கானைக் கட்டிவிட்டு அவர் உறங்கினாலும் அது வழி தவறவில்லை.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டார். அந்த டிசம்பரில் உருகுவே கரையில் ஸ்பிரே தரைதட்டியது. நங்கூரம் போடச் சென்ற தோணியும் கவிழ்ந்தது. நீந்தத் தெரியாத அவர், தோணியைப் பற்றிக்கொண்டே உயிர் தப்பினார். நிலவொளியில் மணல்மேடுகளைக் கண்டு ஏமாந்து, கரையை மிக நெருங்கிவிட்டதைப் பின்னர் மறைக்காமல் எழுதினார்.

46,000 மைல் கடந்து, 1898 ஜூனில் நியூபோர்ட் சேர்ந்தார். உலகைத் தனியே படகில் சுற்றிய முதல் மனிதர் அவரே. பின்னாளில் மீண்டும் ஸ்பிரேயில் புறப்பட்டவர் திரும்பவே இல்லை.

தோழியரே! தவற்றை ஒப்புக்கொள்ளும் மனமே நம் வாழ்க்கைப் படகை நேர்வழியில் செலுத்தும் கீல் அன்றோ!