வாரன் எழுதிய இரு ஏடுகள்

கோலார் மண்ணில் தங்கம் இருப்பதை அங்குள்ள ஏழை மக்களுக்குக் கும்பினியார் சொல்லித் தரவில்லை. அந்த மக்களிடமிருந்தே கும்பினியார் அதை அறிந்துகொண்டனர். அறிந்து எழுதியவர் ஜான் வாரன். தங்கவயலின் வரலாறு அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. அவருக்கு மண்ணை அரித்துக் காட்டியவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

1769-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிறந்த வாரன், அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இந்தியா வந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். 1802-இல் கிழக்கு எல்லையில் பணியாற்றியபோது, நிலத்தில் பொன் கிடைக்கும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. விவரம் கூறுவோருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். ஊரிகம் கிராமத்தார் வண்டியில் மண் ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரே நீரில் அரித்துப் பொற்றுகள்களைக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டியெடுப்பதையும், கூடைகளில் அது கைமாறி மேலே வருவதையும், பெண்கள் அதை இடித்துத் தூளாக்கி அரிப்பதையும் வாரன் பார்த்துப் பதிவு செய்தார்.

பிறகு அவர் வானியலுக்குத் திரும்பினார். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் தென்னாட்டுப் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்து, 1825-இல் ‘காலசங்கலிதம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக அறிந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகண நேரத்தைக் கணித்ததை அதில் விரிவாக விளக்கினார். 1830-இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

கணியரின் கலையை ஏட்டில் ஏற்றியதால் அவருக்கு இழப்பேதும் இல்லை. அந்தக் கலை உலகின் ஆய்வுக்கு வந்தது. பொன் அரித்தவர்களின் கதை வேறாக முடிந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் அரசும் தனியாரும் அப்பகுதியில் பலமுறை தேடிப் பார்த்தனர், பெரும்பயன் கிட்டவில்லை. வாரனின் பழைய அறிக்கையைப் படித்த முன்னாள் படைவீரர் மைக்கேல் லவேல் 1871-இல் கோலாருக்குச் சென்றார். 1873-இல் விண்ணப்பித்து, 1875-இல் உரிமம் பெற்றார். அவ்வுரிமை கைமாறி, 1880 வாக்கில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் ஆளுகைக்கு வந்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கூலிக்கு உழைத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, வசித்த வீட்டுக்கேனும் உரிமை உண்டா என்று அவர்களின் வாரிசுகள் கேட்க நேர்ந்தது.

வாரன் யாரிடமிருந்தும் நிலத்தைப் பறித்தவர் அல்லர். கண்டதை நேர்மையாக எழுதியவர். தவறு அரசின் அளவுகோலில் இருந்தது. விண்ணப்பித்தவருக்கு உரிமை பிறந்தது. தலைமுறைகளாக உழைத்தவருக்கு அது பிறக்கவில்லை. பொருளியலில் இதைச் சொத்துரிமையை வரையறுத்தல் என்கிறோம். வரையறுக்கும் எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நாங்கள் வகுப்பறையில் போதிய அளவு எழுப்பியதில்லை.

இந்த அளவுகோலை மாற்ற முடியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஊர் மூத்தோரின் வாய்மொழிச் சாட்சியத்தையும் சான்றாக ஏற்கிறது. நிறுவனத்துக்கு உரிமம் வழங்குமுன் அங்கே ஏற்கெனவே பிழைத்து வருவோரைப் பதிவு செய்யும் அந்த நெறி, கனிம நிலங்களுக்கும் கடற்கரைக்கும் வேண்டும். எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் படகைக் கரையேற்றும் மணலும் வலையை உலர்த்தும் திடலும் தலைமுறைகளின் புழக்கத்தால்தான் மீனவருக்கு உரியவையாக இருக்கின்றன. நாளை ஒரு நிறுவனம் வரைபடத்தோடு வந்து நின்றால், அந்தப் புழக்கத்துக்குச் சான்று கேட்கப்படும். அதை இன்றே எழுதி வைப்பது அரசின் கடமை.