தமிழில் மருத்துவம் தந்த கிரீன்

காவிரிக் கரையிலுள்ள மோகனூர் போன்ற சிற்றூர்ப் பள்ளிகளிலும் உடலின் அமைப்பையும் நோயின் காரணத்தையும் மாணவர் இன்று தமிழிலேயே கற்கின்றனர். இதற்கு அடிகோலிய பெருமக்களுள் ஒருவர் மருத்துவர் சாமுவேல் கிரீன் ஆவார்.

அவர் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பிறந்தார். மருத்துவம் பயின்று, சமயத் தொண்டராய் 1847இல் யாழ்ப்பாணம் அடைந்தார். தமிழ் கற்றார், மானிப்பாயில் நோயாளர்க்கு மருத்துவம் செய்ததோடு, இளைஞர்க்கு அக்கலையைக் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது. ஆங்கிலத்தில் தேர்ந்தோர் பலர் அரசுப் பணி நாடி வெளியூர் சென்றனர். பிணியுற்ற ஏழைக்கு அவன் நோயை அவன் மொழியில் விளக்குவார் ஊரில் அருகினர். இதனை உணர்ந்த கிரீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார்.

அதற்கு நூல் வேண்டுமே! கலைச்சொல் வேண்டுமே! மாணவர் துணையுடன் இரண்டையும் அவர் ஆக்கினார். மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கு மேற்பட்டோர்.

1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் தமிழ்ப்பணியை விட்டிலர். 1884இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் செய்தி அவர் விரும்பியவாறே அவரது கல்லறையில் பொறிக்கப்பெற்றது. நோயாளிக்கு விளங்கும் மொழியில் உரைப்பதும் ஒரு மருந்தே என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.