முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆடவரே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியிற் கற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். பின்னர்த் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரே 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையமாக உருக்கொண்டது. ஆங்கு மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒருங்கே நிகழ்வனவாயின. 1968-இல் அம்மையார் மறைந்தார்.

மருந்தளிப்பவரே ஆராய்பவருமாயின், அவர்க்குக் கடமை இரண்டு: உண்மை காண்டல் ஒன்று; படுக்கையிற் கிடப்பவரைக் காத்தல் மற்றொன்று. இவை தம்முள் மாறுபடுமிடத்துப் பின்னதே முந்துதல் வேண்டும். பிணியாளர் அறிந்து இசையாத ஆராய்ச்சி, உலகிற்கு எத்துணைப் பயன் தருவதாயினும், அறமாகாது. தங்கையின் பிரிவில் முளைத்த அந்நிலையம் நமக்கு உணர்த்துவதும் இதுவே: ஆராய்பவர்முன் கிடப்பவர் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர்க்கு உடன்பிறப்பே.