மாண்ட்காம்

பிரெஞ்சுத் தளபதி மாண்ட்காம் 1712-ஆம் ஆண்டில் தென் பிரான்சிலுள்ள காண்டியாக்கில் பிறந்தார். வட அமெரிக்காவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எல்லைக் கோட்டைகளுக்காகப் பொருத காலத்தில், 1756-இல் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே ஆஸ்விகோக் கோட்டையைக் கைப்பற்றினார். மறு ஆண்டு வில்லியம் ஹென்றிக் கோட்டையும் பணிந்தது. சரணடைந்தோர் தீங்கின்றிச் செல்லலாம் என அவர் வாக்களித்தார். ஆயினும், அவர் பக்கம் நின்று போரிட்ட பழங்குடியினர், வெளியேறியோரைத் தாக்கினர், பலர் மாண்டனர். மாண்ட்காம் தடுக்க முயன்றார். எனினும் அப்பழி அவரை விட்டு நீங்கவில்லை. 1758-இல் காரில்லான் கோட்டையில் ஏறத்தாழ 3,600 வீரரைக் கொண்டு, ஆங்கிலேயரின் நான்கு மடங்குப் படையை முறியடித்தார். 1759 செப்டம்பர் 13-ஆம் நாள் கியூபெக் நகரருகே நடந்த போரில் படுகாயமுற்று, மறுநாள் உயிர்நீத்தார். கோட்டையை வெல்வதினும் கொடுத்த வாக்கைக் காப்பது அரிது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.