ஸர் ஜகதீச சந்திர போஸ்

கண்ணாடி இழையின் வழியே ஒளியை ஓட்டிச் செய்தி அனுப்பும் வித்தையைப் பற்றிப் பேசுவோர், மேனாட்டு அறிஞரின் பெயர்களையே பெரிதும் கூறுவர். ஒளி வந்து பட்ட கல்லொன்றை மின்சாரத்தால் பேசவைத்த பெரியார் ஒருவர் நம் நாட்டிலேயே தோன்றினார் என்பதை அறிந்தோர் சிலரே. அவரது சரித்திரம் மாணவர் யாவரும் அறியத்தக்கது.

ஜகதீச சந்திர போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். அவர் தந்தையார் பகவான் சந்திரர், உயர்ந்த உத்தியோகத்திலிருந்தும், மைந்தனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். ஆங்கே மீனவர் மக்களும் உழவர் மக்களும் அவருக்குத் தோழராயினர். பின்னர்க் கல்கத்தா ஸெயிண்ட் சேவியர் கலாசாலையில் பாதிரியார் லபான் என்பாரிடம் பௌதிகம் பயின்றார். சோதனைகளைக் கண்முன் செய்து காட்டிக் கற்பித்த அவ்வாசிரியராலேயே போஸுக்கு அச்சாஸ்திரத்தில் பற்று வேரூன்றியது. கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவும் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார்.

1885-ம் ஆண்டு போஸ் கல்கத்தா ராஜதானிக் கலாசாலையில் ஆசிரியரானார். அந்நாளில் ஐரோப்பியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உரியது. தற்காலிக நியமனமாதலின் அதிலும் பாதியே அவருக்குக் கிடைப்பதாயிற்று. தந்தையாரோ கடனில் மூழ்கியிருந்தார். எனினும் போஸ் மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல், ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். முடிவில் அதிகாரிகள் இணங்கி முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு அளித்தனர். அப்பொருள் தந்தையாரின் கடனைத் தீர்க்கச் சென்றது.

ஆராய்ச்சிக்குத் தக்க சாலையும் அவருக்கில்லை. சிறியதோர் அறையில், தகரவேலை செய்பவன் ஒருவனைத் துணைக்கொண்டு, கருவிகளைத் தாமே அமைத்தார். முறுக்கிய சணலும் அவருக்கு ஆராய்ச்சிக் கருவியாயிற்று. அவர் எழுப்பிய மின்னலைகளுள் சில 5 மில்லிமீட்டர் நீளமே உடையவை. 1895-ம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில், அவ்வலைகள் சுவரையும் கவர்னரின் உடலையும் ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த மணியை அடித்து வெடிமருந்தைக் கொளுத்தின. அலைகளைக் குழாயினூடே செலுத்தியும் அவர் சோதித்தார்.

பின்னர் அவர் கலீனா என்னும் ஈயக் கனிப்பொருளைக் கொண்டு ஒரு கருவி செய்தார். அது மின்னலையை மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் உணர்ந்து மின்னோட்டத்தால் அறிவித்தது. செயற்கைக் கண் எனத் தகும். கண்டுபிடிப்பை விற்பதில் விருப்பமற்ற அவர், நண்பர் வற்புறுத்தவே 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்க உரிமைப் பட்டயம் பெற்றார். அதனால் பொருள் ஈட்ட அவர் முயலவில்லை.

சேர்வராயன் மலையில் வாழவந்தியருகே ஒரு முகட்டில் விளக்கேற்றி எதிர் முகட்டிற்குச் செய்தி விடுப்போமாயின், மூடுபனி கவிந்ததும் அது மறையும். இழைக்குள் புகுந்த ஒளிக்கோ பனியில்லை. இழையின் ஒரு தலையில் குறைகடத்தி விளக்கொன்று நொடிக்குப் பல கோடி முறை ஏறி இறங்குகிறது. அதனுள் தேங்கும் மின்னூட்டம் அத்தனை விரைவைத் தடுக்கும். ஆதலின் அதனை இயக்கும் சுற்று, விளக்கை முற்றும் அணையவிடாது சிறு மின்னோட்டம் ஓடவிட்டும், ஏற்றுங்கால் கணநேரம் மிகுதியாய்த் தள்ளியும், இறக்குங்கால் தேங்கியதை எதிர்முகமாய் இழுத்தும் வேலை செய்கிறது. மறுதலையில் அவ்வொளியை மின்சாரமாக்கும் சிறு துண்டும் குறைகடத்தியே. அதற்கு மூத்த உறவு போஸின் கலீனா.

பிற்காலத்தில் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்த போஸ், 1917-ல் தம் பெயர் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920-ல் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி கிரிடியில் காலஞ்சென்றார்.

கருவி குறைவென்று வருந்தும் மாணவர், அச்சிறிய அறையையும் தகரவேலைக்காரனையும் நினைப்பாராக. ஊதியம் குறைந்ததற்கு அவர் காட்டிய எதிர்ப்பும், ஒரு நாளும் தவறாது நடத்திய பாடமும், நாம் ஒருங்கே கற்கத்தக்கன.