மூன்றாம் முறை பாஸானவர்

நம்மில் அரியர் வைக்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். வெறும் டிப்ளமாதானா என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது தலைகுனிந்து நிற்காதவர்களும் கொஞ்சம் பேர்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் இந்த மலரில் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஓடவில்லை, ஒருமுறை வீட்டை விட்டுக் காசிக்கே புறப்பட்டுவிட்டார். தாயார் திருப்பி அழைத்து வந்தார், நகையை விற்றுப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாம் தடவை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பாஸானார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கைக்கு வரவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. இதற்கிடையில் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அன்று அதற்குச் சரியான மருந்தே இல்லை.

1920-களின் தொடக்கத்தில், மாமனார் தந்த உதவியோடு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் கடைநிலை வேலை பார்த்தார். 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டார். நீல நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ்! எங்களைப் போன்ற கெமிக்கல் பிரிவு மாணவர்களுக்கு இதன் எளிமை உடனே புரியும். 1929-ல் தசையில் ஏடிபியையும் கண்டறிந்தார்கள். ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். கல்லீரலில் மிகச் சிறிதளவே கிடைக்கும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அவர் குழு செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தானது. சகோதரர்களைக் காப்பாற்ற முடியாதவர் யார் யாருடைய சகோதரர்களையோ காப்பாற்றினார்.

கதை இதோடு முடியவில்லை. ஃபோலிக் அமிலம் அப்படியே உடலுக்குப் பயன்படாது. கல்லீரலிலும் மற்ற செல்களிலும் உள்ள டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி அதை மாற்றித் தந்தால்தான் செல் பெருகும். ரத்தப் புற்றுநோயில் கெட்ட செல்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன. ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் அமினோப்டெரின் என்ற பொருள் சுப்பாராவின் ஆய்வகத்தில் உருவானது. பூட்டுக்குள் மாட்டிக்கொண்ட கள்ளச்சாவி போல அது அந்த நொதியை அடைத்துவிடும். பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948-ல் இந்தச் செய்தி வெளியானது. அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் பயன்படுகிறது.

இன்றைக்கு அந்த மனித நொதியை எடுக்க ஈரல் தேவையில்லை. அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் சேர்த்தால் பாக்டீரியாவே தயாரித்துக் கொடுக்கிறது. புதிய மருந்து அந்த நொதியைத் தடுக்கிறதா என்று சோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். நம் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் உலகெங்கும் ஆய்வகங்களில் அந்த வேலையைச் செய்கிறார்கள். நாளை நாமும் செய்யலாம்.

யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த மாத்திரையும் அவர் குழுவின் கொடைதான். தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில் 53 வயதில் காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே, அரியர் லிஸ்டில் பெயர் வந்தால் ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அவர் மூன்றாம் தடவை பரீட்சை எழுதாமல் இருந்திருந்தால்? அந்த 10 குழந்தைகளின் பெற்றோர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.